வாழ்வுக்கு வேண்டும் வரலாறு

இம்மலரை உருவாக்குவதற்காக நாங்கள் கூடியிருந்த ஒரு மாலையில் சிறு வழக்கொன்று எழுந்தது. நம் வட்டத்தின் முதற் கூட்டம் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் நடந்ததா, முண்டியம்பாக்கம் கடைத்தெரு மாடியில் நடந்ததா என்பதே வழக்கு. மூத்த உறுப்பினர் இருவர் ஆளுக்கொன்றாகச் சாதித்தனர். கடந்திருப்பது பத்தாண்டுதான், இருவரும் அன்று உடனிருந்தவர்கள், இருவருமே பொய்யுரைக்காதவர்கள். இறுதியில் பொருளாளர் பழைய வரவு செலவு ஏட்டை எடுத்து வந்தார். மாடி வாடகை, தேநீர், சுண்டல் எனச் செலவு எழுதப்பட்டிருந்தது. வழக்குத் தீர்ந்தது. பத்தாண்டு நினைவே இவ்வாறு தடுமாறுமாயின், ஆயிரம் ஆண்டு நினைவு என்னாகும்?

வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே நம் நெஞ்சில் தோன்றுகின்றன. தேர்வு முடிந்ததும் மறந்துவிடத்தக்க பாடம் அது என்று எண்ணிவிடுகிறோம். என்னைக் கேட்டால், வரலாறு அந்தச் சுண்டல் கணக்கைப் போன்றது என்பேன். அன்றாடம் எழும் வழக்குகளுக்கு அது சான்று.

நமக்கு அண்மையில், விக்கிரவாண்டி வட்டத்தில் எண்ணாயிரம் என்னும் ஊர் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று அங்கு இயங்கிய கல்லூரியின் கணக்கைத் தருகிறது. இளநிலை மாணவர் 270 பேர்; முதுநிலை மாணவர் 70 பேர்; ஆசிரியர் 14 பேர். இளையோர்க்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். மூத்தோர்க்கு ஒரு குறுணி இரு நாழி. படிப்பவன் பசித்திருக்கலாகாது என்னும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், பெருமையோடு நின்றுவிடுவது வரலாற்றறிவு ஆகாது. அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதங்களும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமுமே. உழவன் மகனுக்கு அங்கே இடமிருந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. யாருக்குச் சோறு அளந்தார்கள் என்பதைப் படிக்கும்போதே, யாருக்கு அளக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து பள்ளியில் உண்பதன் அருமை அப்போதுதான் விளங்கும்.

இனி, ஊர்ப்பெயர் ஒன்றைக் காண்போம். முண்டியம்பாக்கத்தை அடுத்திருக்கும் பனையபுரம், திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற புறவார் பனங்காட்டூர்த் தலம் ஆகும். பனங்காடு இருந்ததால் பனையபுரம் என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சோழர் கால ஆவணங்களில் இவ்வூர்க்குப் பரவைபுரம் என்னும் பெயரும் காணப்படுகிறது. பரவை நங்கை என்பவர் இராசேந்திர சோழனின் அன்புக்குரிய அணுக்கியார். திருவாரூர்க் கோயிலுக்குப் பெருங்கொடை அளித்தவர். பனைமரம் ஒருபுறமும் ஒரு பெண்ணின் பெயர் மறுபுறமும் நின்று இவ்வூர்ப் பெயரில் கலந்திருக்கின்றன. ஒலியை மட்டும் கேட்டு முடிவு கட்டுவோர்க்கு இது நல்ல பாடம். சொல்லை ஆளும் நமக்கோ இன்னும் பெரிய பாடம்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச் சாலை திட்டமிடப்பட்டபோது, இக்கோயிலுக்கே இடர் வந்தது. சாலையின் போக்கில் கோயில் குறுக்கிட்டது. ஊர் மக்களும் வரலாற்று ஆர்வலர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். கோயில் இன்றும் நிற்கிறது. சாலை வேண்டாம் என்பவர் யாருமிலர். ஆனால், நிற்கும் கல் எத்தகையது என்று அறிந்தவர் இருந்தால்தான் சாலையைச் சற்று விலக்கிப் போடுங்கள் என்று கேட்க முடியும். அறியாதவர்க்கு அது வெறும் பழங்கல். சாலைக்குத் தப்பிய கற்களும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் மணல்வீச்சுக்கும் தப்புவதில்லை என்பது தமிழகக் கோயில் பலவற்றில் நாம் கண்ட துயரம். ஒரு வரி அழிந்தால் ஒரு சாட்சி இறந்தது போலாகும்.

கோயிலோடு முடிவதன்று இச்செய்தி. நம் வீட்டு வாசல்வரை வருவது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தண்ணீர்க்கு நினைவு உண்டு. தான் பழகிய வழியை அது மறப்பதில்லை. மறந்தவர்கள் நாம்தாம். பழைய நிலக்கொடைக் கல்வெட்டுகள் எல்லை சொல்லும்போது ஏரியையும் வாய்க்காலையும் மதகையும் பெயரிட்டுச் சொல்கின்றன. வீட்டுமனை வாங்குவோர் வில்லங்கச் சான்று கேட்பதும், நிலத்தின் பழைய புல வரைபடத்தில் ஓடை ஓடுகிறதா என்று பார்ப்பதும் வரலாறு படித்தலே அன்றி வேறென்ன?

கல் உயிர் காத்த கதை ஒன்று ஜப்பானில் உண்டு. அனெயோஷி என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இவ்விடத்துக்குக் கீழே வீடு கட்டலாகாது என்று எச்சரிக்கும் கல்லை நட்டனர். பின்வந்தோர் அச்சொல்லை மதித்தனர். 2011இல் பேரலை மீண்டும் சீறி வந்தது. கல்லை எட்டுமுன் நின்றது. மேலிருந்த வீடுகள் தப்பின. எழுதியவர்கள் பாதி காத்தார்கள். படித்தவர்கள் மீதி காத்தார்கள்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ஏரி, வாய்க்கால், பழந்தெரு, வயல் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, சொன்னவர் பெயரும் கேட்ட நாளும் குறித்து எழுதித் தருவோமாக. கவிதை மனத்தை எழுப்பும். கணக்கு உண்மையைக் காக்கும். இரண்டும் வேண்டும். பொருளாளரின் அந்த ஏட்டை அன்று புரட்டியபோது அதன் ஓரங்களைச் செல் அரித்திருந்தது. அதைப் படியெடுத்து வைப்பதே நாம் செய்யவேண்டிய முதற்பணி.