அண்ணலின் பட்டங்களும் அச்சடித்த பட்டங்களும்

ஏப்ரல் 14 வந்துவிட்டால் நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் வாட்ஸ்அப் படங்களிலும் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். அண்ணல் அம்பேத்கர் 32 பட்டங்கள் வாங்கியவர் என்பதுதான் அது. அந்த 32 எவை, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று அனுப்பியவரிடம் கேட்டுப் பாருங்கள் தோழர்களே. பட்டியல் வராது.

அண்ணலுக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1915இல் அங்கே எம்.ஏ. பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. இடையில் கிரேஸ் இன் வழியாக பாரிஸ்டர். 1927இல் கொலம்பியாவின் பிஎச்.டி. இவை படித்து வாங்கியவை. 1952இல் கொலம்பியாவும் 1953இல் உஸ்மானியாவும் கொடுத்தவை கௌரவ டாக்டர் பட்டங்கள்.

இந்தப் பட்டியலின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொன்றையும் இன்றைக்கும் சரிபார்க்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920இல் மீண்டும் போனார். அவருக்காக கொலம்பியா பேராசிரியர் செலிக்மன் லண்டன் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதம் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆவணத்தில் இருக்கிறது. டி.எஸ்சி. ஆய்வேட்டை முதலில் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்த பிறகே பட்டம் கிடைத்தது. ரூபாய்ச் சிக்கல் பற்றிய அந்த ஆய்வு 1923இல் புத்தகமாக வந்தது. கொலம்பியாவில் அன்று ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்தால்தான் பிஎச்.டி. தருவார்கள். மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் அச்சானது. பட்டம் 1927இல் வந்தது.

உண்மையான பட்டம் இப்படித்தான் தடம் விட்டுப் போகும். சேர்க்கைப் பதிவு, ஆசிரியர், தேர்வு, தோல்வி, திருத்தம், நூலகத்தில் ஒரு படி. போலிப் பட்டத்துக்குத் தாளும் முத்திரையும் மட்டும்தான் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன்? சேத்தியாத்தோப்பு சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிற என்னிடம் பிள்ளைகள் சான்றிதழோடு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இது செல்லுமா?" கேட்கிற பிள்ளையின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் வேறு யாரும் இருக்கமாட்டார். நிலம் நமக்குப் பரம்பரையாக வரவில்லை. தகவலும் வரவில்லை. போலிச் சான்றிதழ் வியாபாரி தேடுவது இந்த வீட்டைத்தான்.

நம் பக்கத்து வரலாற்றையே பாருங்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது நம் பிள்ளைகளுக்கு எழுத்தே போராட்டம். 1929இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1979இல் அது தொடங்கிய தொலைதூரக் கல்வி, கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களுக்குப் பெரிய கதவாக இருந்தது. ஆனால் 2022 மார்ச்சில் யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் உண்டு. பல்கலைக்கழகம் உண்மை, மாணவர் உண்மை, தேர்வும் உண்மை. ஆனால் பட்டம் செல்லுமா என்பது கேள்விக்குறி. பிறகு 2024 ஜூனில் சிதம்பரம் அருகே சாலையோரம் சான்றிதழ்கள் கட்டாகக் கிடந்தன. அவை போலி என்று தெரிந்து வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது.

ஆக, ஏமாற்றம் ஒரே வகை அல்ல. ஒன்று, பட்டமே போலி. இரண்டு, நிறுவனம் உண்மை, படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் மூன்றாவதும் உண்டு: அந்த நாட்டில் செல்லும், இங்கே இணைத்தகுதி கிடைக்காது.

வெளிநாட்டுப் பெயரில் நடக்கும் மோசடி எவ்வளவு பெரியது என்பதை 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கராச்சியில் இருந்த ஆக்சாக்ட் என்ற நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் குறைந்தது 370 இணையதளங்கள் நடத்தியது. அந்தப் போலிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கவே தனியாகப் போலி அங்கீகார நிறுவனங்களையும் உருவாக்கி வைத்திருந்தது. அதனால் இணையதளத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று இருந்தால் போதாது. அங்கீகரித்தவர் யார் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவு, யார் பட்டம் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. மீறினால் அந்தச் சட்டம் வைத்த அபராதம் அதிகபட்சம் 1000 ரூபாய். பல லட்சம் வாங்குகிறவனுக்கு இது ஒரு நாள் டீச்செலவு.

எனவே பணம் கட்டும் முன்பே நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை:

1. இந்தியப் பட்டம் என்றால் யுஜிசி பட்டியலில் நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. தொலைதூரப் படிப்பா, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பாடம் என்பதையும் பாருங்கள். யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் பாருங்கள்.

2. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இதுவரை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இணைத்தகுதிச் சான்று கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்குத் தனி விதிமுறை வெளியிட்டது. வெளிநாட்டுப் பெயரைக் கடன் வாங்கி உள்ளூரில் நடத்தும் கிளைப் படிப்புக்கு அதில் இடமில்லை. மருத்துவம், சட்டம், செவிலியர் படிப்புகளுக்கு அந்தந்த கவுன்சிலின் விதிதான். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவருக்கு 2002 முதல் தனித் தகுதித் தேர்வு இருக்கிறது.

3. பிரிட்டனில் எச்.இ.டி.டி., அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்று பட்டம் சரிபார்க்கும் அமைப்புகள் உண்டு. இல்லாவிட்டால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கே எழுதுங்கள். ஏஜெண்ட் கொடுத்த மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள். முகவரியை நீங்களே தேடி எடுங்கள்.

4. அப்போஸ்டில் முத்திரையைக் காட்டி நம்பச் சொல்வார்கள். அது கையெழுத்தும் முத்திரையும் சரிதானா என்று சொல்லுமே தவிர, படிப்பின் தரத்தைச் சொல்லாது.

5. 'உங்கள் வேலை அனுபவத்துக்கே பட்டம்', 'பத்து நாளில் பிஎச்.டி.' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மேடைகளையும் கொஞ்சம் பார்ப்போம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு, திரைக்கலைஞர்கள் உட்படப் பலருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் கொடுத்தது. இப்படிக் காசு கொடுத்தும் கொடுக்காமலும் வாங்கிய 'டாக்டர்' நம் ஃபிளெக்ஸ் பேனர்களிலும் ஏறுகிறது. டாக்டர் அம்பேத்கர் படத்துக்குக் கீழேயே ஏறுகிறது.

போலிப் பட்டம் பிடிபட்டால் விற்றவன் கடையை மாற்றிவிடுவான். வேலை போவதும் வழக்கைச் சுமப்பதும் வாங்கிய பிள்ளை. பிடிபட்டவர் நம்மவராக இருந்தால் பேச்சு அவரோடு நிற்காது. கோட்டாவில் வந்த எல்லோர் சான்றிதழின் மேலும் சந்தேகப் பார்வை விழும். சரிபார்ப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். தோழரின் சான்றிதழையும் கேளுங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள். அடுத்த ஏப்ரல் 14க்கு 32 என்று அச்சடிக்காமல், அண்ணல் படித்து வாங்கிய பட்டங்களை ஆண்டோடு அச்சடிப்போம். எவன் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கட்டும்.

ஜெய்பீம்.