எடோ நகரில் மதிப்பும் மயக்கமும்

ஒருவரை விரும்புவது வேறு. அவரை மதிப்பது வேறு. ஒரு சமுதாயம் தான் பெரிதும் விரும்பியவர்களையே இழிந்தவர் என்று ஒதுக்கிவைத்த விந்தையை ஜப்பானிய வரலாற்றில் காண்கிறோம். வகுப்பில் ஆண்டுகளையும் அரசர்களையும் மட்டும் கற்ற மாணவர்களுக்கு இதனைச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

1603 முதல் 1868 வரை டோக்குகாவா மரபினர் ஜப்பானை ஆண்டனர். இன்று டோக்கியோ எனப்படும் எடோவே அவர்களது ஆட்சிப்பீடம். சாமுராய் வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற வரிசையில் மக்களின் தகுதி எண்ணப்பட்டது. வணிகரிடம் பொருள் குவிந்தது. ஆனால் வரிசையில் அவர் கடையர். நடிகரும் கணிகையரும் அவ்வரிசைக்கே புறம்பானவர். நடிகரை ‘ஆற்றங்கரை வாசிகள்’ என்று இழித்துரைத்தனர்.

1618-இல் அரசின் உரிமம் பெற்ற யோஷிவாரா என்னும் கணிகையர் குடியிருப்பு எடோவில் தொடங்கிற்று. 1657-இல் நிகழ்ந்த பெருந்தீக்குப் பின் அது நகர்ப்புறத்துக்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, புகவும் வெளிவரவும் ஒரே பெருவாயில். கபுகி நாடகத்தில் பெண்கள் நடிப்பதை 1629-இல் அரசு தடுத்தது. 1652-இல் இளைஞர் கபுகியும் தடை செய்யப்பட்டது. அதன்பின் வளர்ந்த ஆடவரே பெண்வேடமும் ஏற்றனர்.

தடைகளால் ஆசை குறைந்ததா? இல்லை. யோஷிவாராவில் சாமுராயும் தம் வாளை விடுதியில் ஒப்படைக்க வேண்டும். வெளியே தலைவணங்கி நின்ற வணிகர், அங்கே பொன்னை வீசித் தலைநிமிர்ந்தார். உயர்குலப் பெண்டிரும் நடிகரின் உடையைப் பின்பற்றினர். சானோகாவா இச்சிமாட்சு என்ற நடிகர் மேடையில் உடுத்திய கட்டம்போட்ட ஆடை, 18-ஆம் நூற்றாண்டில் நகரமெங்கும் பரவி அவர் பெயரையே பெற்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் விழாவின் சின்னத்திலும் அக்கட்டங்களே இடம்பெற்றன.

ஆனால் எல்லையைத் தாண்டியவர்களை அரசு பொறுக்கவில்லை. 1705-இல் ஒசாகா நகரத்துப் பெருவணிகக் குடும்பமான யோதோயாவின் சொத்து முழுவதும் பறிமுதலாயிற்று. நிலைக்கு மீறிய ஆடம்பரம் என்பது குற்றச்சாட்டு. பிரபுக்கள் பலர் அக்குடும்பத்திடம் பெருங்கடன் பட்டிருந்தனர் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

1714-இல் நிகழ்ந்தது இன்னும் கொடிது. சிறுவராயிருந்த ஷோகுனின் தாயாருக்கு எஜிமா என்னும் அரண்மனை மாது பணிபுரிந்து வந்தார். கோயில் வழிபாட்டுக்குச் சென்றவர், திரும்பும் வழியில் யமாமுரா அரங்கில் நாடகம் கண்டு, நேரங்கழித்து அரண்மனை சேர்ந்தார். இக்குஷிமா ஷிங்கோரோ என்ற நடிகருடன் அவருக்குத் தொடர்பு என்று விசாரணை எழுந்தது. நடிகர் மியாக்கே தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். எஜிமா தக்காத்தோ என்ற மலைநாட்டு ஊரில் காவலில் வைக்கப்பட்டு, 1741-இல் அங்கேயே இறந்தார். அவருடைய தமையனாருக்கு மரண தண்டனை, அரங்கும் மூடப்பட்டது. அரண்மனையின் உட்பகையே இவ்வழக்கைப் பெரிதாக்கிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இவ்வளவு பளபளப்புக்கும் விலை கொடுத்தவர் யார்? வறிய குடும்பங்களின் சிறுமிகள். முன்பணம் பெற்ற பெற்றோர் அவர்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொடுத்தனர். பட்டாடைச் செலவும் அவர்கள் கணக்கிலேயே ஏறியதால் கடன் வளர்ந்தது. ஓவியங்களில் அரசிபோல் தோன்றும் கணிகைக்கு வாயிலைக் கடக்க உரிமையில்லை. ஆதரவற்று இறந்தோர் பலரின் உடல்களை அருகிலிருந்த ஜோகன்ஜி கோயிலில் இட்டனர்.

1872-இல் ‘மரியா லூஸ்’ என்ற பெரு நாட்டுக் கப்பலிலிருந்த சீனக் கூலிகளை ஜப்பான் விடுவித்தது. ‘உங்கள் நாட்டிலும் பெண்கள் விற்கப்படுகின்றனரே!’ என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அவ்வாண்டே கணிகையரை விடுவிக்கும் ஆணை பிறந்தது. எனினும் உரிமமுறை வேறு பெயரில் தொடர்ந்தது. 1956-இல் இயற்றப்பட்ட சட்டம் 1958-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின்னரே யோஷிவாராவின் பழைய வாழ்வு முடிந்தது.

மாணவச் செல்வங்களே! ஓர் அழகிய ஓவியத்தைக் காணும்போது, அதில் உள்ளவருக்கு வெளியே செல்லும் உரிமை இருந்ததா என்று கேளுங்கள். கலைஞரைக் கைதட்டிப் பாராட்டிய கூட்டம், அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்த்தியதா என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே வரலாற்றுக் கல்வி.