கணினிக் கல்வியில் பொருளியலும் சட்டமும்: கேம்பிரிட்ஜ் பாடமுறை

'பொருளியல், சட்டம், அறவியல்' என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இளநிலை மாணவர்களுக்கு 8 விரிவுரைகளாக அமைந்த பாடம். நிரல் எழுதக் கற்பவர், அந்த நிரல் புழங்கப்போகும் சந்தையையும் அது சாட்சியாக நிற்கப்போகும் நீதிமன்றத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இதைக் கணினித் துறையே, தன் துறைக்குரிய எடுத்துக்காட்டுகளைக் கொண்டு நடத்துகிறது.

பின்னணி

கேம்பிரிட்ஜ் கணினித் துறை 1937-இல் கணித ஆய்வகமாகத் தோன்றியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அங்கு உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கியது. 1953-இல் கணினிப் பட்டயப் படிப்பும் தொடங்கியது.

இத்துறையில் பொருளியலும் சட்டமும் இடம்பிடித்ததில் பாதுகாப்புப் பொறியியல் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனின் (1956–2024) பங்கு பெரிது. ஆய்வுப் படிப்புக்கு வருமுன் வங்கித் துறையில் பணியாற்றியவர் அவர். ஏடிஎம் மோசடிகளை ஆராய்ந்து 1993-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மறையாக்கக் கணிதத்தை யாரும் உடைத்துவிடவில்லை, நடைமுறைக் கோளாறுகளும் நிர்வாகக் கவனக்குறைவுமே பெரும்பாலான மோசடிகளுக்கு வழிவிட்டன என்று காட்டியது.

கவனக்குறைவு ஏன் நீடித்தது என்ற கேள்விக்கு 2001-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் அவர் பொருளியலைக் கொண்டு விடை சொன்னார். அமெரிக்காவில், பணத்தைத் தான் எடுக்கவில்லை என்று வாடிக்கையாளர் மறுத்தால், அவர்தான் எடுத்தார் என்று வங்கி நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்டன், நார்வே, நெதர்லாந்து நாடுகளில் நிரூபிக்கும் சுமை வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. புகார்களைத் தட்டிக்கழிக்க முடிந்ததால் பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாக இருந்தன, மோசடி பெருகியது. குறையைச் சரிசெய்யக்கூடியவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் வேறொருவர் என்றிருந்தால் அமைப்பு தோற்கும் என்பதே அவர் கண்ட முடிவு. பாடத்தின் அச்சாணியும் அதுதான்.

பொருளியல் பகுதி

தேவை, அளிப்பு, விலை ஆகிய அடிப்படைகளிலிருந்து பாடம் தகவல் பொருளியலுக்குச் செல்கிறது. மென்பொருளின் முதல் படியை உருவாக்கப் பெருஞ்செலவு ஆகும். அடுத்த படிகளுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. பயனர்கள் கூடக்கூடச் சேவையின் மதிப்பும் கூடுகிறது. ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறுவது கடினம். இம்மூன்றும் சேரும் சந்தை ஒரே நிறுவனத்தின் கைக்குள் போய்விட வாய்ப்பு மிகுதி. முந்திக்கொண்டவரே வெல்வார் என்பதால், பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கும் இங்கிருந்தே பிறக்கிறது.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கிய கோட்பாடும் பாடத்தில் உண்டு. வண்டியின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே நல்ல வண்டிக்குரிய விலையைத் தர யாரும் துணிவதில்லை. நல்ல வண்டிகள் சந்தையை விட்டு விலகுகின்றன. பாதுகாப்பான மென்பொருளுக்கும் இதே கதி நேர்வதை ஆண்டர்சன் சுட்டிக்காட்டினார். ஆட்டக் கோட்பாடும், இணைய விளம்பர இடங்களை விற்கப் பயன்படும் ஏலக் கோட்பாடும் இப்பகுதியில் அடங்கும்.

சட்டமும் அறவியலும்

குற்றவியல், உரிமையியல், ஒப்பந்தம், அறிவுசார் சொத்துரிமை, தரவுப் பாதுகாப்பு ஆகியவை அறிமுகமாகின்றன. கணினிச் சான்று இவற்றுள் முக்கியமானது. பிரிட்டனில் காவலர் ஒருவர், தன் கணக்கிலிருந்து தனக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டதாகப் புகார் செய்தார். அவர்மீதே மோசடி முயற்சி வழக்குத் தொடுக்கப்பட்டு, அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் காவலர் தரப்பு வல்லுநராக ஆண்டர்சன் வந்தார். கணினி அமைப்பைக் காவலர் தரப்பு ஆராய்வதற்கு, அவர் கணக்கு வைத்திருந்த நிதி நிறுவனம் இடம்தரவில்லை. 1996-இல் காவலர் விடுதலையானார்.

இந்தப் படிப்பினை நாட்டளவில் எடுபடவில்லை. கணினி சரியாக இயங்கியது என்று சான்று அளிப்பவர் காட்ட வேண்டும் என்ற சட்டப்பிரிவு 1999-இல் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் பயன்பட்ட ஹொரைசன் மென்பொருள் காட்டிய பொய்க் கணக்குகளை நம்பி நூற்றுக்கணக்கான அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

அறவியல் பகுதி பயன்விளைவுவாதம், ஜான் ராவ்ல்ஸின் நீதிக் கருத்து ஆகியவற்றோடு, கண்டறிந்த பாதுகாப்புக் குறையைப் பொறுப்போடு வெளியிடும் முறை, கண்காணிப்பு, அல்காரிதங்களின் பாரபட்சம் போன்ற நடப்புச் சிக்கல்களையும் எடுத்துக்கொள்கிறது.

கற்பிக்கும் முறை

விரிவுரைகளோடு, கேம்பிரிட்ஜ் மரபுப்படி இரண்டு மூன்று மாணவர்கள் மட்டும் ஆசிரியருடன் அமரும் 'சூப்பர்விஷன்' வகுப்புகளும் உண்டு. மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த விடைகள் அங்கே வரிவரியாக அலசப்படுகின்றன. ஒரே சரியான விடை இல்லாத கேள்விகளுக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது.

தாக்கம்

தகவல் பாதுகாப்பின் பொருளியலுக்கான ஆய்வரங்கு 2002-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதன்முறையாகக் கூடியது. 2015-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய இணையக் குற்ற ஆய்வு மையம் கணினியியல், குற்றவியல், சட்டம் ஆகியவற்றை ஒருங்கிணைக்கிறது.

எட்டு விரிவுரைகள் ஒருவரை வழக்கறிஞராகவோ பொருளியலாளராகவோ ஆக்கிவிடாது. ஓர் அமைப்பை வடிவமைக்கும்போதே, அது பிழை செய்தால் இழப்பு யாருடையது, அதை யார் நிரூபிக்க வேண்டும் என்று கேட்கப் பழக்குவதே அவற்றின் பயன். இக்கேள்விகளைக் கேட்கத் தெரியாத பொறியாளரின் பிழைக்கு வேறு யாரோ விலை கொடுக்க நேர்கிறது என்பதால், கணினிக் கல்வியில் இப்பாடத்தின் இடம் அடிப்படையானது.