தட்டும் தொட்டியும்: பெனிசிலின் வரலாற்றில் புத்தாக்கம் தொடங்கிய இடம்

பல்கலைக்கழகப் படிப்பை நோக்கி நிற்கும் மாணவர்களுக்குப் புத்தாக்கம் என்றால் என்ன என்று சொல்லித்தர முனைவோர் பலரும் பெனிசிலினில்தான் தொடங்குகிறார்கள். 1928இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பூஞ்சை படிந்து, அதைச் சுற்றிக் கிருமித் திட்டுகள் கரைந்திருந்த தட்டின் கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதைக்கு ஆய்வுவழி அரண் கட்டியவர் ரொனால்டு ஹேர். அவர் கட்டிய அரண் வலுவானது. ஆனால் அது காப்பது புத்தாக்கத்தின் வரலாற்றை அல்ல என்பதே என் வாதம்.

ஹேர் அதே ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். 1970இல் வெளிவந்த நூலில் அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. பெனிசிலின் வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் அழிக்கும். முழுதாக வளர்ந்துவிட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் திட்டுகளைக் கரைப்பதில்லை. அப்படியானால் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை முதலிலும் கிருமி பிறகும் வளர்ந்திருக்க வேண்டும். பூஞ்சைக்குக் குளிர்ச்சி ஏற்றது, கிருமிக்கு வெப்பம். லண்டனின் வானிலைப் பதிவுகளைப் புரட்டிய ஹேர், 1928 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை குளிர் நிலவியதையும் அதன்பின் வெப்பம் ஏறியதையும் கண்டார். பூஞ்சையின் வித்து கீழ்த்தளத்தில் லா டூஷ் என்பவரின் ஆய்வறையிலிருந்து வந்திருக்கும் என்றார். தட்டு அடைகாப்புப் பெட்டிக்குள் போகாமல் மேசையிலேயே கிடந்தது, ஃபிளெமிங் விடுமுறையில் போனார், வானிலை மாறியது. இத்தனை தற்செயல்களும் ஒருசேர அமைந்ததால் பெனிசிலின் கிடைத்தது என்பது ஹேரின் முடிவு.

இதில் உள்ள நுண்ணுயிரியலை நான் மறுக்கவில்லை. சிக்கல் சான்றில் இருக்கிறது. விடுமுறைக் கதை பின்னாளில் சொல்லப்பட்டது. கைக்கு எட்டும் மிகப் பழைய அச்சுச் சான்று, 1929இல் பிரித்தானியச் சோதனை நோயியல் இதழில் ஃபிளெமிங் எழுதிய கட்டுரை. தட்டுகளை மேசையோரம் வைத்திருந்து அவ்வப்போது எடுத்துப் பார்த்ததாகவும், பார்க்கும்போது காற்றுபட்டு அவற்றில் பிற உயிரிகள் படிந்ததாகவும்தான் அது சொல்கிறது. விடுமுறை அதில் இல்லை, நாளும் இல்லை. பூஞ்சை பின்னால் வந்து சேர்ந்தது என்பதே அதன் நேரடிப் பொருள். ஹேரின் விளக்கம் நிற்க வேண்டுமானால் இந்தப் பகுதியைத் தள்ளிவைத்தாக வேண்டும். நாளும் உறுதிப்படவில்லை. செப்டம்பர் 3 என்பார் உண்டு, செப்டம்பர் 28 என்பார் உண்டு. ஃபிளெமிங்கின் ஆய்வேட்டில் இதுபற்றிய முதல் பதிவோ அக்டோபர் 30க்கு உரியது. ஆகஸ்டின் வானிலையை நாள்வாரியாக அலசும் ஒரு விளக்கத்துக்கு இந்த இடைவெளி சிறியதல்ல.

அந்தக் கட்டுரையின் தலைப்பை நின்று படித்தவர் குறைவு. பெனிசிலியம் வளர்ப்புகளின் கிருமியெதிர்ப்பைச் சொல்லி, அதில் குறிப்பாக இன்ஃப்ளுயன்சா பேசிலஸைப் பிரித்தெடுக்க அவை பயன்படுவதைத் தலைப்பிலேயே முன்னிறுத்துகிறார் ஃபிளெமிங். பெனிசிலின் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் அதை மூடி மறைக்கும் மற்றக் கிருமிகளைத்தான் அடக்கும். எனவே மாதிரியை இட்ட தட்டில் பூஞ்சை வடிநீரைத் தடவினால் களை நீங்கிய வயலில் பயிர் தெரிவதுபோல இன்ஃப்ளுயன்சா பேசிலஸ் தனியே தெரியும். செயின்ட் மேரீஸின் அந்தத் துறை தடுப்பூசி தயாரித்து விற்ற துறை. அதற்கு இது அன்றாடத் தேவை.

கட்டுரையின் முடிவுரையில், புண்ணில் தடவவோ செலுத்தவோ உகந்த கிருமிநாசினியாகலாம் என்ற ஒரு குறிப்பும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் குறிப்பு வேறு, தலைப்பு வேறு. 1929இன் ஃபிளெமிங்குக்குக் கையில் கிடைத்திருந்தது ஓர் ஆய்வகக் கருவி. அந்த அளவில் அது முழுமையான புத்தாக்கமும்கூட: செய்முறை இருந்தது, பயன் இருந்தது, பயன்படுத்துவோர் இருந்தனர்.

இங்கிருந்து என் வாதம் குறைந்த சான்றின்மேல் நடக்கிறது. 1930களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் டன் நோயியல் பள்ளியில் ஹோவர்டு ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் பெனிசிலினை எடுத்தபோது, பூஞ்சைக்காக லண்டனுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. ஃபிளெமிங்கின் பூஞ்சை அந்தக் கட்டடத்திலேயே உயிரோடு இருந்தது. முந்தைய பேராசிரியர் ஜார்ஜஸ் டிரேயர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜ் பற்றிய தம் ஆய்வுக்காக அதை வரவழைத்திருந்தார். வந்த ஆண்டு உறுதியில்லை. டிரேயர் 1934இல் இறந்தார் என்பதால் அதற்கு முன் என்ற மேல்வரம்பு மட்டும் நிற்கிறது. மருந்தாகும் என்று நம்பி அதை அங்கே யாரும் வைத்திருக்கவில்லை. ஆய்வகங்கள் தங்களுக்குள் வளர்ப்புகளைக் கேட்டு வாங்கி, அவ்வப்போது புதுக்குழாயில் மாற்றி வளர்த்த வழக்கம்தான் அந்தப் பத்தாண்டுப் பாலத்தைக் கட்டியது. ஹேரின் வானிலைக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது இந்த வழக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு கிருமி செலுத்தப்பட்டது. மறுநாள் பெனிசிலின் பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன, மற்ற நான்கும் மடிந்திருந்தன. மனிதனுக்குத் தேவைப்படும் அளவைத் திரட்டுவது அடுத்த சிக்கல். பூஞ்சை பாலாடைபோல நீர்ப்பரப்பில்தான் படரும். அதற்கு அகலமான, ஆழமற்ற கலம் வேண்டும். அதே குழுவின் நார்மன் ஹீட்லி முதலில் மருத்துவமனைப் பெட்பேனைப் பயன்படுத்திப் பார்த்தார். பின்பு அதையொட்டிய வடிவில், பக்கவாட்டில் மூக்கு வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க பீங்கான் கலத்தை வடிவமைத்தார். பர்ஸ்லெமிலிருந்த மேக்கிண்டயர் மட்பாண்ட நிறுவனம் அதைச் சுட்டுத் தந்தது. மூக்கு வழியே அடியிலுள்ள நீரை மட்டும் வடித்துப் புதுநீர் ஊற்றினால், மேலே படர்ந்த ஆடை கலையாமல் மீண்டும் பெனிசிலின் சுரக்கும். வடித்த நீரை அமிலமாக்கி ஈதருக்குள் இழுப்பது, அங்கிருந்து காரநீருக்குத் திருப்புவது என்ற பிரித்தெடுப்பு முறையும் ஹீட்லியுடையதே. முதல் நோயாளிகளில் ஒருவரான காவலர் ஆல்பர்ட் அலெக்சாண்டருக்கு 1941 பிப்ரவரி 12 அன்று மருந்து தொடங்கியது. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினை மீட்டுச் செலுத்தினார்கள். தேறிவந்தவர், மருந்து தீர்ந்ததால் மார்ச் 15 அன்று இறந்தார். மருந்தின் ஆற்றல் உறுதிப்பட்டுவிட்டது, குறை அளவில்தான் என்பதை இந்த மரணம்போல் வேறெதுவும் காட்டவில்லை.

மிச்சம் அமெரிக்காவில் நடந்தது. 1941 ஜூலையில் ஃபுளோரியும் ஹீட்லியும் இலினாயின் பியோரியாவிலிருந்த வேளாண் ஆய்வகத்தை அடைந்தனர். மக்காச்சோள மாவாலையின் கழிவான ஊறல்நீரைச் சேர்த்ததும் விளைச்சல் பலமடங்கு பெருகியது. பூஞ்சையைப் பரப்பிலன்றி ஆழ்தொட்டிக்குள் காற்றூட்டி வளர்க்கும் முறையை வேறு பொருள்களின் நொதிப்பில் பழகியிருந்த ஃபைசர் நிறுவனம், 1944 மார்ச்சில் புரூக்ளினில் பழைய பனிக்கட்டி ஆலை ஒன்றைப் பெனிசிலின் ஆலையாக்கியது.

என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1943இல் பியோரியாவில் அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து எடுத்த வேறொரு பூஞ்சை ஃபிளெமிங்கின் பூஞ்சையைவிட மிகுதியாகச் சுரந்தது. பின்வந்த பெருந்தொழில் அதன் வழித்தோன்றல்களைக் கொண்டு வளர்ந்தது. ஆகவே டன் பள்ளியில் காக்கப்பட்ட பூஞ்சையின் பங்கு, எலிச் சோதனையிலிருந்து முதல் நோயாளிகள் வரையிலான சில ஆண்டுகளுக்கே பொருந்தும். ஹேர் துலக்கிய தட்டின் பங்கும் அதே அளவுதான். 1945 நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்குப் போனது. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது 1990இல்.