காயம்பட்டவரின் முதல் பத்து நாட்கள்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசே முதலாளியாக விளங்கிய இரயில்வே போன்ற துறைகளும் அதன் எல்லைக்குட்பட்டன. ஆயினும் தண்டவாளப் பணியில் கால் நசுங்கியவருக்கு முதல் பத்து நாட்கள் ‘காத்திருப்புக் காலம்’. அந்நாட்களுக்கு இழப்பீடு இல்லை. பத்து நாட்களுக்குள் தேறிவிட்டால் எதுவுமே இல்லை.

பொய்க் கோரிக்கைகளைத் தடுப்பதும் சிறு காயங்களுக்கான எழுத்துவேலையைக் குறைப்பதுமே இத்தகைய விதிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். எலும்பு முறிந்தவரும் ஏன் அதே பத்து நாட்களை இழக்க வேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை. நடைமுறையில், சிறு விபத்துகளின் செலவு முதலாளியிடமிருந்து தொழிலாளியின் அடுப்படிக்கு மாற்றப்பட்டது.

விட்லி ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தபின், 1933ஆம் ஆண்டுத் திருத்தம் பத்தை ஏழாக்கியது. 1959ஆம் ஆண்டுத் திருத்தம் ஏழை மூன்றாக்கியது. இயலாமை 28 நாட்களோ அதற்கு மேலோ நீடித்தால் விபத்து நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்றும் வகுத்தது. நாட்குறைப்பைவிட இதுவே பெரிய மாற்றம் எனலாம்: கடுங்காயம் அடைந்தவர்மீது ஐயம் தேவையில்லை எனச் சட்டம் 36 ஆண்டுகளுக்குப் பின் ஏற்றுக்கொண்டது.

அதே அரசின் குடிமைப் பணியாளருக்கு அளவுகோல் வேறு. 1972ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளின்படி, பணியின் பொருட்டுத் தாக்கப்பட்டுக் காயமுற்றவர் முன்பு 24 மாதங்கள் வரை சிறப்பு இயலாமை விடுப்புப் பெற முடிந்தது. முதல் 120 நாட்களுக்கு ஈட்டிய விடுப்புக்குரிய முழு ஊதியம் இருந்தது. அங்கே காத்திருப்பு நாட்கள் இருக்கவில்லை. தொழிலாளருக்குரிய மூன்று நாட்களையோ 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அப்படியே வைத்திருக்கிறது.