உயவுக் கண்சொட்டு மருந்து

உயவுக் கண்சொட்டு மருந்து என்பது, கண்ணீர் போதிய அளவு சுரக்காமலோ, சுரந்த கண்ணீர் கண்ணின் மேற்பரப்பில் நிலைக்காமலோ போவதால் உண்டாகும் உலர்கண் நோயில், எரிச்சலையும் உறுத்தலையும் தணிப்பதற்காகக் கண்ணில் இடப்படும் கிருமி நீக்கிய நீர்மம் ஆகும். செயற்கைக் கண்ணீர் என்ற பெயரும் இதற்கு உண்டு. இது நோயின் மூல காரணத்தை நீக்குவதில்லை. கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்து, இமை தடையின்றி வழுக்கிச் செல்ல உதவி, தற்காலிகமாக ஆறுதல் தருகிறது. மருத்துவர் சீட்டு இன்றியே மருந்துக் கடைகளில் கிடைப்பதால் தீங்கற்ற பொருளாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. அவ்வெண்ணம் பெரும்பாலும் சரிதான். ஆனால் புட்டிக்குள் இருக்கும் நீர்மம் கிருமியின்றி இருக்கும் வரையில்தான் அது சரி.

இயல்பான கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. கருவிழியை ஒட்டிச் சளிப்பொருள் நிறைந்த பகுதியும், அதன் மேல் கண்ணீர்ச் சுரப்பிகள் தரும் நீர்ப்பகுதியும், எல்லாவற்றுக்கும் மேலே இமை ஓரத்தில் வரிசையாக அமைந்துள்ள மீபோமியன் சுரப்பிகள் கசியவிடும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் சேர்ந்ததே கண்ணீர்ப்படலம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இப்படலம் புதிதாகப் பரவுகிறது. நீர்ப்பகுதி குறைந்தாலும் கண் உலரும்; எண்ணெய்ப் படலம் குறைந்து நீர் விரைந்து ஆவியானாலும் உலரும். உலர்ந்த கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வடிவதைக் கண்டு குழம்புவோர் உண்டு. உறுத்தலைத் தாளாத கண் அவசரமாகச் சுரக்கும் அந்நீர், படலமாக நிற்கும் தன்மையற்றதாகையால் வழிந்தோடிவிடுகிறது.

நகரி வட்டாரம்

இப்படிக் கண் உலரும் சூழலுக்கு நகரி வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு. ஆந்திரப் பிரதேசத்தில், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த நகரி, அதை ஒட்டிய ஏகாம்பரகுப்பம், அருகிலுள்ள புத்தூர் ஆகிய ஊர்களில் விசைத்தறி நெசவு முதன்மையான தொழில்களுள் ஒன்றாகும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வட்டாரத்தில் கண் உலர்வதற்கு ஏதுவான சூழல்கள் பல ஒன்றுசேர்கின்றன. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் காற்றின் ஈரம் வெகுவாகக் குறைகிறது. தறிக்கொட்டகையில் பஞ்சுத்தூசு மிதக்கிறது. வெக்கை தாங்காமல் வைக்கப்படும் மின்விசிறியின் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. இவற்றுக்கும் மேலாக, இழை அறுவதைக் கண்டு உடனே தறியை நிறுத்த வேண்டியிருப்பதால் தறிக்காரரின் பார்வை பாவு நூலிலேயே ஊன்றியிருக்கிறது. உன்னிப்பாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இயல்பைவிடக் குறைவாகவே இமைக்கிறார். கணினியிலும் கைப்பேசியிலும் கண் பதித்திருப்போருக்கு நேர்வதும் இதுவே. இத்தகைய இடங்களில் விசிறியின் திசையை மாற்றுவதும், தூசு புகாத கண்ணாடி அணிவதும், நினைவோடு முழுதாக இமைப்பதும் சொட்டு மருந்துக்கு முன்னரே செய்யத்தக்கவை. ஏனெனில் காரணம் அப்படியே இருக்க, மருந்தை மட்டும் நம்புவோர் நாளடைவில் அதை மேன்மேலும் அதிகமாக இட வேண்டியதாகிறது.

வகைகளும் கிருமித் தடுப்புப் பொருளும்

கடைகளில் கிடைக்கும் உயவுச் சொட்டுகளுள் பலவற்றில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருள் நூற்றுக்கு அரைப்பங்கு அல்லது ஒரு பங்கு அளவில் கலந்திருக்கும். ஹைப்ரோமெல்லோஸ், பாலிவினைல் ஆல்கஹால், பாலிஎதிலீன் கிளைக்கால், சோடியம் ஹயலுரோனேட் ஆகியவையும் பயன்படுகின்றன. எண்ணெய்ப் படலம் குறைந்தவர்களுக்கென எண்ணெய் கலந்த பால்மங்களும் உள்ளன. கெட்டியான கூழ்மமும் களிம்பும் நெடுநேரம் தங்கும். ஆனால் சிறிது நேரம் பார்வையை மங்கச் செய்வதால் உறங்கப் போகும்முன் இடுவதற்கே ஏற்றவை. களிம்பிட்ட கண்ணோடு வண்டி ஓட்டுவதும் தறியில் நிற்பதும் ஆபத்தாகும்.

விளம்பரங்கள் இப்பொருள்களின் பெயர்களையே முன்னிறுத்துகின்றன. பாதுகாப்பைப் பொறுத்தவரை, புட்டியில் கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. திறந்த புட்டி பல நாள் புழங்குவதால் அதில் கிருமி வளராதிருக்க இப்பொருளைச் சேர்க்கின்றனர். அவற்றுள் மிகப் பரவலானது பென்சல்கோனியம் குளோரைடு. கிருமியைக் கொல்லும் இதே பொருள் அடிக்கடி பட்டால் கருவிழியின் மேற்புறச் செல்களையும் கண்ணீர்ப்படலத்தையும் கெடுக்கும். மென்மையான காண்டாக்ட் லென்ஸில் ஊறித் தங்கவும் செய்யும். எனவே நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் சொட்டு தேவைப்படுவோருக்குத் தடுப்புப் பொருள் இல்லாத வகையே பரிந்துரைக்கப்படுகிறது. தடுப்புப் பொருள் இல்லையெனில் புட்டியின் அமைப்பே கிருமியைத் தடுத்தாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளும், வெளிக்காற்றும் நீரும் உள்ளே திரும்பாதபடி வடிகட்டியோ ஒருவழித் திறப்போ பொருத்திய புட்டிகளும் அதற்காகவே வந்தவை.

ஆலத்தூர் நிகழ்வு

இவ்விரண்டு காப்பும் ஒருங்கே தவறினால் என்ன நேரும் என்பதை 2023-ஆம் ஆண்டு உலகம் கண்டது. செங்கல்பட்டு மாவட்டம் ஆலத்தூரில் குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்து, எஸ்ரிகேர் முதலான பெயர்களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியத்தின் பரவலோடு தொடர்புடையதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத அவ்வகை அதற்குமுன் அங்கே காணப்படாதது. பிப்ரவரி தொடக்கத்தில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் தொற்றுக்கு ஆளாயினர். 14 பேர் பார்வை இழந்ததாகவும், 4 பேருக்குக் கண் விழியே அகற்றப்பட்டதாகவும், 4 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. பலமுறை பயன்படுத்தும் புட்டியில் போதிய தடுப்புப் பொருள் இல்லாமையையும், கிருமிச் சோதனையில் குறைபாட்டையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுட்டிக்காட்டியது. நேரில் ஆலைக்கு வந்தும் ஆய்வு செய்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தாம் சோதித்த மாதிரிகளில் மாசு காணப்படவில்லை எனத் தெரிவித்தனர்.

வாயால் உட்கொள்ளும் மருந்தில் சிறிது மாசு இருந்தாலும் இரைப்பை அமிலம் ஓரளவேனும் எதிர்த்து நிற்கும். கண்ணுக்கு அத்தகைய காப்பு இல்லை. அதிலும் உலர்ந்து கீறல் விழுந்த கருவிழி கிருமிக்குத் திறந்த வாசல். உலர்கண் நோயாளிக்கே சொட்டு மருந்தின் தூய்மை மிகுதியாகத் தேவைப்படுவது இதனால்தான்.

இடும் முறை

கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். புட்டியிலிருந்து விழும் ஒரு துளியோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். ஆகவே ஒரு துளியே கண் கொள்ளும் அளவுக்கு மேற்பட்டது. இரண்டாம் துளி கன்னத்தில் வழிவதற்கே ஆகும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, தலையைப் பின்னே சாய்த்து, கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் உண்டாகும் சிறு பையில் ஒரு துளி இட வேண்டும். மேல்நோக்கிப் பார்த்தால் துளி விழும் அச்சம் குறையும். புட்டியின் முனை இமை மயிரிலோ விரலிலோ படக்கூடாது. பிறகு கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு வடிந்து போகாமல் கண்ணிலேயே தங்கும். வேறு கண் மருந்தும் இடுவோர் இரண்டுக்கும் இடையே குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும். களிம்பு கடைசியில் வர வேண்டும். கை நடுங்கும் முதியவர்கள் படுத்த நிலையில் பிறர் உதவியோடு இட்டுக்கொள்வது நல்லது.

திறந்த புட்டியை வழக்கமாக ஒரு மாதத்துக்குப் பின் எறிந்துவிட வேண்டும். உறையில் வேறு காலம் அச்சிடப்பட்டிருந்தால் அதுவே செல்லும். உறையில் உள்ள காலாவதி நாள் திறக்காத புட்டிக்கு உரியது என்பதைப் பலர் அறிவதில்லை. உறை எழுத்து ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நகரிப் பகுதி முதியவர்களுக்கு வீட்டார் திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதித் தருவது பெரும் உதவி. தறியின் சட்டத்தில் மூடியின்றி வைத்த புட்டியின் முனையில் பஞ்சிழை ஒட்டும்; வண்டிப் பெட்டியில் வைத்த புட்டி வெயிலில் கொதிக்கும். இரண்டும் பயன்படுத்தத் தகாதவை. ஒரு புட்டியை வீட்டில் இருவர் பகிர்வதும் கூடாது.

உயவு மருந்து அல்லாதவை

சிவந்த கண்ணை வெளுக்கச் செய்யும் நாஃபசோலின் போன்ற மருந்துகள் இரத்த நாளங்களைச் சுருக்குபவை. உயவு தருபவை அல்ல. தொடர்ந்து இட்டால், விட்டவுடன் சிவப்பு முன்னிலும் மிகுந்து திரும்பும். அவற்றைவிடக் கொடியது ஸ்டீராய்டு கலந்த சொட்டைத் தானாக வாங்கி இடுவது. எரிச்சல் ஒரே நாளில் அடங்குவதால் அது நல்ல மருந்தாகத் தோன்றும். நாட்பட்ட பயன்பாடு கண் அழுத்த நோயையும் கண்புரையையும் உண்டாக்கும். கரும்பும் நெல்லும் விளையும் ஊர்களில் இலைச் சோகை கீறியதால் வரும் பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் கருவிழியே அழியக்கூடும். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு ஆகியவை அன்போடு தலைமுறைகளாகக் கைமாறி வந்தவையெனினும், கிருமி நீக்கப்படாத எதையும் கண்ணில் விடலாகாது.

மருத்துவரை நாடுதல்

சில வாரங்கள் முறையாக இட்டும் உறுத்தல் குறையாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். மூட்டுவாதம், வாய் உலர்வோடு வரும் ஷோகிரன் நோய், தைராய்டு கோளாறு, நீரிழிவு, மாதவிடாய் நின்ற காலம், ஒவ்வாமை மாத்திரைகள் எனக் காரணங்கள் பலவாகும். மருத்துவர் கீழிமையின் ஓரத்தில் சிறு வடிதாள் துண்டை மாட்டி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார். 5 மில்லிமீட்டருக்கும் குறைவெனில் சுரப்பு மிகக் குறைவு எனக் கொள்ளப்படும். நகரி மக்களுக்குத் திருப்பதியில் அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையின் கண் மருத்துவமனைகளும் எட்டும் தொலைவில் உள்ளன. சொட்டு இட்ட பின் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் காணக் கூச்சம், பீளை அல்லது சீழ், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அப்போது பயன்படுத்திய புட்டியை எறியாமல் எடுத்துச் சென்றால், அதிலுள்ள நீர்மத்தைச் சோதனைக் கூடத்தில் வளர்த்துப் பார்த்துக் கிருமியை இனங்காண முடியும்.