லூயிஸ்–கிளார்க் பயணமும் கொடுங்கரடியும்

கிரிஸ்லி எனப்படும் கொடுங்கரடியைப் பற்றி விரிவான குறிப்புகளை எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர்கள் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய அமெரிக்கப் படை அதிகாரிகள். 1804-இல் இவர்களது குழு மிசூரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றது. கரடிக்கு முன்பாக அதன் காலடித் தடங்களே கண்ணில் பட்டன. அக்டோபர் 20 அன்று கிளார்க் கண்ட தடங்கள் மனிதக் காலடியைப்போல் மூன்று மடங்கு பெரியவை. அன்றே குழுவைச் சேர்ந்த குருசாட் ஒரு கரடியைச் சுட்டுக் காயப்படுத்தினார். பிறகு அஞ்சித் துப்பாக்கியையும் கைக்கோடரியையும் போட்டுவிட்டு ஓடினார்.

பழங்குடியினர் ஆறு முதல் பத்துப் பேராகச் சேர்ந்தே, போருக்குச் செல்வதுபோல் வண்ணம் பூசிக்கொண்டு இக்கரடியை வேட்டையாடினர். ஆயினும் 1805 ஏப்ரல் 29 அன்று ஒரு கரடியைக் கொன்ற லூயிஸ், தேர்ந்த துப்பாக்கி வீரருக்கு இது அவ்வளவு ஆபத்தானதன்று என்று எழுதினார். அவர் கொன்றதோ முழு வளர்ச்சி அடையாத கரடி!

ஒரு வாரத்தில் கருத்து மாறியது. மே 5 அன்று சுடப்பட்ட பெருங்கரடி, உடலில் பத்துக் குண்டுகளுடன் ஆற்றைப் பாதி நீந்தி மணல்திட்டை அடைந்து, இருபது நிமிடங்கள் கழித்தே இறந்தது.

சூன் 14 அன்று லூயிஸ் ஓர் எருமையைச் சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க மறந்து நின்றார். ஒரு கரடி இருபது காலடித் தொலைவு வரை வந்துவிட்டது. ஓடி ஆற்றில் இறங்கிய அவர், கையிலிருந்த ஈட்டியை நீட்டித் திரும்பி நின்றார். கரடி ஏனோ திரும்பி ஓடியது. இனித் துப்பாக்கியை வெறுமையாக வைத்திருப்பதில்லை என்று அன்றே உறுதி கொண்டார்.